ஓட்டுப் போட்டது குற்றம்!

கேள்வி: அமெரிக்காவில் ஓட்டுப் போட்டதற்காக ஒரு பெண்மணியைக் கைது செய்தார்களாமே, நிஜமா?
– வாசகி, கரூர்

பதில்: நிஜம்தான். பெயர் சூசன் பி. ஆன்டனி. 1872 நவம்பர் 5-ம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அப்போது வயது 52. ‘அமெரிக்காவில் பிறந்தவர்கள் எல்லாரும் குடிமக்கள் என்கிறது 14-வது சட்டத்திருத்தம். நான் குடிமகள் இல்லையா?’ என்பது அவர் வாதம். இரண்டே வாரத்தில் வீடு தேடி வந்துவிட்டார் அதிகாரி. கூட்டிப்போன வண்டியில் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், ‘இது அரசாங்கச் செலவில் போகிற பயணம், இவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அதிகாரியைக் கைகாட்டினாராம். குசும்புக்காரர்!

1873 ஜூனில் நடந்த விசாரணைதான் கொடுமை. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்லக் கூடாது என்ற அந்தக் கால விதியைக் காட்டி, தன் தரப்புக்குச் சாட்சி சொல்லக்கூட அவரை விடவில்லை. நீதிபதி வார்ட் ஹன்ட், வாதம் முடிந்ததும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் படித்தார். ஜூரிகளைக் கலந்து பேசவே விடாமல், ‘குற்றவாளி’ என்று முடிக்கச் சொன்னார். அந்த ஜூரிகளும் அத்தனை பேரும் ஆண்கள்தான். அபராதம் 100 டாலர். ‘ஒரு டாலர்கூடக் கட்டமாட்டேன்’ என்றார் சூசன், கட்டவும் இல்லை. கட்டும்வரை சிறை என்று நீதிபதி உத்தரவிட்டிருந்தால், அதையே பிடித்துக்கொண்டு வழக்கை மேலே கொண்டுபோயிருப்பார். அந்த வழியையும் சாமர்த்தியமாக அடைத்துவிட்டார் ஹன்ட்.

ஓட்டுரிமையில் ஆண், பெண் பேதம் கூடாது என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது 1920-ல். சூசன் 1906-லேயே காலமாகிவிட்டார்.