இந்தியில் எண்ணப் பழகுவோம்

புதிய மொழியொன்றைக் கற்கப் புகுவோர் முதல் பாடத்தில் "உன் பெயர் என்ன?" என்று கேட்கப் பழகுவர். ஆயினும் அம்மொழி வழங்கும் ஊரில் ஒரு நாளைக் கழிக்க வேண்டுமானால், பெயருக்கு முன்னே வேண்டுவது எண்தான். பேருந்துக் கட்டணமும் எண். புகைவண்டி புறப்படும் நேரமும் எண். மருந்தின் அளவும் எண். உழைத்தவனுக்குக் கொடுக்கும் கூலியும் எண். பெயரைத் தவறாகக் கேட்டால் சிரிப்போடு போய்விடும். எண்ணைத் தவறாகக் கேட்டால் யாருக்கேனும் இழப்பு உண்டாகும். ஆகவே இந்தி கற்கத் தொடங்கும் மாணவியருக்கு உதவும் பொருட்டு, எண்களைப் பற்றிய இச்சிறு பாடத்தை இங்கே தருகின்றோம்.

நம் திருத்தணி எல்லையோர ஊர். 1960 ஏப்ரல் முதல் நாளன்றுதான் இவ்வூர் ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நம்முள் பலர் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசுகின்றோம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதை நம் ஊர் வழியே போவதால் இந்தி ஒலியும் நம் செவிக்குப் புதிதன்று. 1968-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இருமொழிக் கொள்கை நிலவுவதால், மாநிலப் பாடத்திட்டத்தில் இந்தி கட்டாயப் பாடமாக இல்லை. விரும்புவோர் பள்ளி நேரத்துக்குப் பின் கற்று, 1918-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா போன்ற தேர்வுகளை எழுதுகின்றனர். மொழிக் கொள்கை பற்றிப் பெரியோர் பேசுவது வேறு. செவியில் விழும் எண்ணைப் பிழையின்றி அறிவது வேறு. இரண்டாவதே நம் பாடம்.

கண்ணுக்கு எளிது, செவிக்கு அரிது

எழுத்தில் நமக்கு இடர் அதிகம் இல்லை. நம் அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு, மைய அரசின் அலுவல்களுக்கு இந்திய எண்களின் பன்னாட்டு வடிவமாகிய 1, 2, 3 என்பவற்றையே வகுத்துள்ளது. ஆகவே பயணச்சீட்டிலும் பணத்தாளிலும் உள்ள எண்ணை எவரும் படித்துவிடலாம். அதே எண்ணை ஒருவர் வாயால் சொல்லக் கேட்கும்போதுதான் திகைப்பு உண்டாகிறது. எனவே இப்பாடத்தைக் கண்ணால் மட்டும் படியாமல் வாய்விட்டுப் படியுங்கள்.

ஒலி பற்றி ஒரு குறிப்பு. கீழே வரும் "ச" என்னும் எழுத்தைப் "பச்சை" என்பதில் ஒலிப்பது போலவே ஒலிக்க வேண்டும். "தோ", "தஸ்" என்பவற்றின் தகரம் "பந்து" என்பதன் மூன்றாம் எழுத்துப் போல மெலிந்து ஒலிக்கும். "பாரஹ்", "பீஸ்" என்பவற்றின் பகரம் "பம்பரம்" என்பதன் நடுவே வரும் பகரம் போன்றது. "க்யாரஹ்" என்பதன் ககரம் "தங்கம்" என்பதில் வருவது போன்றது.

ஒன்று முதல் பத்து: ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே, ஸாத், ஆட், நௌ, தஸ்.

பதினொன்று முதல் இருபது: க்யாரஹ், பாரஹ், தேரஹ், சௌதஹ், பந்த்ரஹ், ஸோலஹ், ஸத்ரஹ், அட்டாரஹ், உன்னீஸ், பீஸ்.

பத்துகள்: தஸ், பீஸ், தீஸ், சாலீஸ், பசாஸ், ஸாட், ஸத்தர், அஸ்ஸீ, நப்பே, ஸௌ.

இவற்றுள் மூன்று இரட்டையரைப் பிரித்தறியப் பழகுங்கள். ஸாத் என்பது ஏழு. ஸாட் என்பது அறுபது. ஸத்ரஹ் என்பது பதினேழு. ஸத்தர் என்பது எழுபது. தீன் என்பது மூன்று. தீஸ் என்பது முப்பது. தகரத்தையும் டகரத்தையும் பிரித்துப் பேசிப் பழகிய தமிழ் நாவுக்கு முதல் இணை கடினமன்று.

ஏன் இத்தனை பெயர்கள்?

தமிழில் இருபது, முப்பது முதலிய பத்துகளும், ஒன்று முதல் ஒன்பது வரையும் தெரிந்தால் இருபத்தொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை நாமே கட்டிக்கொள்ளலாம். தெலுங்கிலும் அப்படியே: இரவை ஒகடி, இரவை ரெண்டு என்று போகும். இந்தியில் அவ்வாறு கட்ட இயலாது. "பீஸ் ஏக்" என்று சொன்னால் அது இருபத்தொன்று ஆகாது. "இக்கீஸ்" என்றே சொல்ல வேண்டும். நூறு வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஏறக்குறைய ஒரு தனிப்பெயர் உண்டு. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இவற்றை ஒவ்வொன்றாகவே மனப்பாடம் செய்கின்றனர். ஆகவே கடினமாயிருக்கிறதே என்று நீங்கள் சோர வேண்டுவதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. வடமொழியில் இருபத்தொன்று என்பது ஏகவிம்சதி. இருபத்தைந்து என்பது பஞ்சவிம்சதி. ஒன்றின் பெயர் முன்னும் பத்தின் பெயர் பின்னுமாக அமைந்த அந்த நீண்ட சொற்கள், பிராகிருதத்தின் வழியே பல நூற்றாண்டுகள் மக்கள் வாயில் புழங்கி, ஆற்றுக் கூழாங்கற்களைப் போலத் தேய்ந்து இக்கீஸ், பச்சீஸ் என்றாயின. தேய்ந்த கல்லில் பழைய மூலை தெரியாததுபோல, இச்சொற்களில் "ஏக்" எங்கே, "பீஸ்" எங்கே என்று உடனே தெரிவதில்லை. கூர்ந்து கேட்டால் தடயம் மட்டும் கிடைக்கும்.

"ஊனம்" என்னும் திறவுகோல்

அத்தடயங்களுள் மிக நல்லது ஒன்று நம் வீட்டுச் சொல்லிலேயே இருக்கிறது. "ஊனம்" என்றால் குறை என்பது நாம் அறிந்ததே. வடமொழியின் "ஊன" என்னும் அச்சொல்லே இந்தி எண்களில் "உன்" என்று நிற்கிறது. உன்னீஸ் என்றால் இருபதுக்கு ஒன்று குறை, அதாவது 19. அவ்வாறே 29 உன்தீஸ், 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ், 59 உன்ஸட், 69 உன்ஹத்தர், 79 உன்னாஸீ. இவ்வழக்கு எண்பதோடு நின்றுவிடுகிறது. 89 நவாஸீ என்றும், 99 நின்யானவே என்றும் வரும். இவ்விரண்டில் குறை இல்லை, ஒன்பதே இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. "உன்ஸட்" என்பதில் அறுபதின் ஒலி கேட்பதால், அறுபத்துச் சொச்சம் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஐம்பத்தொன்பது.

அடுத்த பத்தைச் சொல்லி அதில் குறையைக் காட்டும் முறை நமக்கும் அயலானதன்று. "ஒன்பது" என்பதன் கடையில் பத்து இருக்கிறது. "தொண்ணூறு" என்பதன் கடையில் நூறும், "தொள்ளாயிரம்" என்பதன் கடையில் ஆயிரமும் இருக்கின்றன. தெலுங்கின் தொம்மிதியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இவ்வெண்ணுப் பெயர்களின் புணர்ச்சியைத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் தனியே எடுத்து ஓதியிருக்கிறார். நம் மொழியிலும் இத்தகைய இடம் உண்டு என்று அறிந்தால் பிறமொழியின் புதுமை நமக்குப் பாரமாகத் தோன்றாது.

குடும்பமாகக் கற்போம்

நூறு எண்களையும் வரிசையாக ஒப்பிக்கும் மாணவி, நடுவே ஓர் எண்ணைக் கேட்டால் முதலிலிருந்து எண்ணத் தொடங்குவாள். ஆகவே குறுக்கே எண்ணாமல் நெடுக்கே, கடையெண் ஒத்த குடும்பங்களாகக் கற்பது நலம். ஐந்தின் குடும்பம் இது:

15 பந்த்ரஹ், 25 பச்சீஸ், 35 பைந்தீஸ், 45 பைந்தாலீஸ், 55 பச்பன், 65 பைன்ஸட், 75 பச்ஹத்தர், 85 பசாஸீ, 95 பச்சானவே.

தொடக்கத்தில் "பச்" அல்லது "பை" என்ற ஒலி கேட்டால் ஐந்து என்று பெரும்பாலும் கொள்ளலாம். முடிவில் "தாலீஸ்" கேட்டால் நாற்பதின் இனம். "ஸட்" கேட்டால் அறுபதின் இனம். "ஹத்தர்" கேட்டால் எழுபதின் இனம். "ஆஸீ" கேட்டால் எண்பதின் இனம். "ஆனவே" கேட்டால் தொண்ணூற்றின் இனம். ஒன்பதின் குடும்பம் மட்டும் முன் சொன்னபடி விலகும். நாளுக்கு ஒரு குடும்பமாகக் கற்றால் பத்து நாட்களில் நூறும் கைவரும்.

பயில்வதற்கு நம் ஊரிலேயே ஓர் எண் காத்திருக்கிறது. திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365. அவை ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்பர். இந்தியில் அது "தீன் ஸௌ பைன்ஸட்". ஆண்டுகளைச் சொல்லும் முறையும் அறியத்தக்கது. நாம் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது" என்போம். இந்தியில் "உன்னீஸ் ஸௌ ஸாட்", அதாவது பத்தொன்பது நூற்று அறுபது என்பர். நம் ஊரில் டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த 1888 "அட்டாரஹ் ஸௌ அட்டாஸீ" ஆகும்.

காலும் அரையும்

முழு எண்களைக் கற்றவர்களும் தடுமாறும் இடம் இது. ஐந்து சொற்களை நன்கு மனத்தில் இருத்துங்கள்.

ஸவா என்றால் காலோடு கூடியது. ஸவா நௌ என்பது ஒன்பதே கால்.

ஸாடே என்றால் அரையோடு கூடியது. ஸாடே தீன் என்பது மூன்றரை. இது மூன்று முதலே வரும்.

டேட் என்பது ஒன்றரை.

டாயீ என்பது இரண்டரை.

பௌனே என்றால் கால் குறைந்தது. பௌனே தஸ் என்பது பத்துக்குக் கால் குறை, அதாவது ஒன்பதே முக்கால்.

பௌனே என்பது "பாதோன" என்னும் வடசொல்லின் தேய்வு. பாதம் ஊனம் என்று பிரித்துப் பாருங்கள். முன்பு கண்ட அதே "ஊனம்" இங்கும் இருக்கிறது. ஸவா என்பது "சபாத", அதாவது பாதத்தோடு கூடியது. வடமொழியில் பாதம் என்பது அடியையும் குறிக்கும், நான்கில் ஒரு பங்கையும் குறிக்கும். தமிழில் "கால்" என்னும் சொல்லும் அவ்விரண்டையும் குறிக்கிறதல்லவா? இரு மொழியினரும் ஒரே வகையாக எண்ணியிருப்பது வியப்புக்குரியது.

இச்சொற்கள் நூறு, ஆயிரங்களோடும் சேரும். நாம் ஒன்றரை இலட்சம் என்போம். ஒன்றரை நூறு என்று சொல்லுவதில்லை. இந்தியில் அதுவே இயல்பான பேச்சு. ஸவா ஸௌ 125. டேட் ஸௌ 150. பௌனே தோ ஸௌ 175. டாயீ ஸௌ 250. ஸாடே தீன் ஸௌ 350. டேட் ஹஜார் 1,500. இலட்சமும் கோடியும் "லாக்", "கரோட்" என்று நமக்கு அறிமுகமான வடிவிலேயே வரும்.

ஓர் எண்ணின் விலை

நிலையத்தின் ஒலிபெருக்கி "நௌ பஜ்கர் பைந்தாலீஸ் மினட்" என்று மணியையும் நிமிடத்தையும் பிரித்துச் சொல்லும். பக்கத்தில் நிற்கும் பயணியைக் கேட்டால் அவர் "பௌனே தஸ்" என்பார். இரண்டும் 9.45 மணியே. "தஸ்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கால் என்பதைக் கூட்டிப் பத்தே கால் என்று எண்ணி அமர்ந்திருப்பவள், வண்டி போன பிறகு அரைமணி நேரம் காத்திருப்பாள்.

வடநாட்டு மருத்துவமனையில் பணியாற்றச் செல்லும் செவிலியை எண்ணிப் பாருங்கள். தன் குழந்தைக்கு மருந்து எவ்வளவு கொடுத்தேன் என்று ஒரு தாய் சொல்லுகிறாள். "டேட் சம்மச்" என்றால் ஒன்றரைக் கரண்டி. "டாயீ சம்மச்" என்றால் இரண்டரைக் கரண்டி. இவற்றைப் பிரித்தறியாத செவிக்கு அன்பு இருந்தும் பயனில்லை.

இன்னும் அருகே வருவோம். இன்று வடமாநிலத் தொழிலாளர் பலர் நம் மாவட்டத்தின் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கின்றனர். பேசிய கூலி "ஸாடே ஸாத் ஸௌ" என்று ஒருவர் சொல்லுகிறார். அது 750 ரூபாய். முதற்சொல்லை விட்டுவிட்டு "ஸாத் ஸௌ" என்று மட்டும் கேட்டு 700 ரூபாயைக் கணக்கில் எழுதினால், ஆறு நாள் வேலைக்கு 300 ரூபாய் அவர் கையிலிருந்து போய்விடும். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுதியவருக்கு இந்தி தெரியாது. ஏமாற்ற எண்ணியவர் ஒருவருமில்லை. ஆயினும் அநீதி நடந்துவிட்டது. தந்தையின் கடையிலோ பட்டறையிலோ கணக்கு எழுத உதவும் மாணவியர் இதை நினைவில் வைப்பார்களாக. ஐயம் தோன்றினால் எண்ணைத் தாளில் எழுதிக் காட்டி, "இதுதானே?" என்று கேட்டுவிடுங்கள். 1, 2, 3 என்னும் வடிவம் இருவருக்கும் பொதுவானதே.

பயிற்சி

கீழ்க்காண்பவற்றை எண்ணால் எழுதுக:
1. உன்தாலீஸ்
2. ஸவா தஸ் பஜே
3. பௌனே தீன் ஸௌ
4. டாயீ ஹஜார்
5. உன்னீஸ் ஸௌ பைன்ஸட்

விடைகள்: 39, 10.15 மணி; 275; 2,500; 1965.

ஐந்தும் சரியாக வந்தவர்கள், நாளை முதல் கடைச் சீட்டில் காணும் தொகையை மூன்று மொழிகளிலும் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் விடையில் தவறியவர்கள் "பௌனே" என்னும் சொல்லைக் கேட்டவுடன் "குறை" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பெற்றோரும் மாலை வேளையில் பிள்ளைகளோடு அமர்ந்து இவ்வெண்களைக் கேட்டுப் பார்த்தால், கற்றது நிலைக்கும்.