மலைச்சாரலும் மண்சரிவும்: மடுல்சீமைப் பகுதியை முன்னிட்டு ஓர் ஆராய்வு

யாழ்ப்பாணத்திலே கிணறு வெட்டும் இடத்திற் குவிந்து கிடக்கும் வெள்ளைக் கற்களுள் ஒன்றை எடுத்து உடைத்து நோக்குவோமாயின், சிப்பியின் ஓடும் பவளத்தின் துளையும் அதனுட் பொதிந்திருத்தலைக் காணலாம். மயோசின் காலத்து ஆழமற்ற கடலொன்றில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் ஓடுகளே அச்சுண்ணக்கல்லாய் இறுகின. அக்கல்லின்மீது வளர்ந்த மாணாக்கர் மடுல்சீமைக்குச் சென்று, பாதையோரத்துப் பாறையைச் சுத்தியலால் தட்டி உயிர்ச்சுவடு தேடுவாராயின் ஏமாற்றமே அடைவர். அப்பாறை வேறு இனத்தது. அதன் மூலப்பொருள் ஏறத்தாழ 200 கோடி ஆண்டு முதுமையுடையது. 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின் ஆழத்திலே பெருவெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியது. மலைநாட்டிற் காணும் குவாட்சைற்று ஒருகாலத்து மணல். சலவைக்கல் ஒருகாலத்துச் சுண்ணக்கல். அவ்வகையில் ஈண்டும் தொல்கடல் ஒன்று இருந்ததென்பது பொருந்தும். ஆயின் அக்கடலிலே ஓடுடைய உயிர்கள் தோன்றவில்லை. எளிய உயிர்கள் விட்ட சுவடு யாதேனும் இருப்பினும் வெப்பம் அதனை அழித்துவிட்டது.

கல்லின் வரலாற்றிலிருந்து நாம் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல் நீரை உள்வாங்கிக் குகையாகக் கரையும். மலைநாட்டுக் கல்லோ மேலிருந்து கீழாக மண்ணாக மாறும். நைசு, சாணக்கைற்று முதலிய பாறைகளிலுள்ள பெல்சுபார் என்னும் கனிப்பொருள் மழைநீரும் வெப்பமும் சேர்ந்து தாக்குதலாற் களிமண்ணாகின்றது. அதனால் உறுதியான பாறையின்மேல் மெத்தை விரித்தாற்போல உக்கல் மண் தடித்துக் கிடக்கின்றது. அம்மண்ணும் உடைந்த கற்களும் காலந்தோறும் சரிவின்வழி இறங்கி அடிவாரத்திலே குவியும். இக்குவியலைச் சரிவுப்படிவு எனக் குறிப்போம். மண்சரிவின் கதை பெரும்பாலும் இப்படிவின் கதையே.

இலங்கையின் நிலம் மூன்று படிகளாய் உயர்ந்திருப்பதை 1929ஆம் ஆண்டிலே கனடிய அறிஞர் எப். டி. அடம்சு எடுத்துரைத்தார். பின்னர் 1938 முதல் 1944 வரை ஈண்டு அரசாங்கக் கனிப்பொருளியலறிஞராய்ப் பணிபுரிந்த டி. என். வாடியா அப்படிகள் எழுந்த வகைக்கு வேறு விளக்கம் கூறினார். அவ்விவாதத்துட் புகுதல் ஈண்டு வேண்டற்பாலதன்று. படிக்கும் படிக்கும் இடையிலுள்ள செங்குத்தான சுவரே நமக்கு வேண்டுவது. அப்புத்தளை, கொசுலாந்தைப் பக்கத்துத் தென்சுவர் அவற்றுள் மிகப் பெயர்பெற்றது. மடுல்சீமையும் அத்தகைய விளிம்பொன்றிலேதான் இருக்கின்றது. பசறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை முடியுமிடத்துக்கு அப்பால், பிற்றமாறுவைப் பக்கத்தில், நிலம் திடீரென அற்றுக் கீழ்த்திசைச் சமவெளி காலடியிற் கிடப்பதைக் காணலாம். 'சின்ன உலகமுடிவு' என்று உல்லாசப் பயணிகள் பாராட்டும் காட்சி அது. அழகான காட்சி என்பது புவிச்சரிதவியலாருக்குப் பல வேளைகளில் எச்சரிக்கைப் பலகையாகத் தோன்றும்.

இனி, மண் ஏன் சரிகின்றது? மழைநீர் மண்ணை வழுக்கச்செய்வதால் என்று பலர் கருதுவர். அது முழு உண்மையன்று. கடற்கரையிலே சிறுவர் கட்டும் மணற்கோட்டையை நினைத்துப் பார்க்க. உலர்ந்த மணலிற் கோட்டை நில்லாது. சிறிது ஈரமிருப்பின் நிற்கும். நீர் மிகுந்தால் இருந்தவாறே குலைந்து ஒழுகும். மண்மணிகள் ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும் அழுத்தமே உராய்வைத் தந்து சரிவைத் தாங்குகின்றது. இடைவெளிகள் யாவும் நீரால் நிறைந்தபோது அந்நீரின் அமுக்கம் மணிகளை ஒன்றைவிட்டு ஒன்று தூக்குகின்றது, உராய்வு குறைகின்றது, நிறையோ கூடுகின்றது. 1925ஆம் ஆண்டிலே கார்ல் தெர்சாகி என்னும் பொறியியலறிஞர் இவ்வுண்மையை நூல்வடிவிலே நிறுவியபோது மண்பொறியியல் ஒரு விஞ்ஞானமாயிற்று. ஓர் ஏக்கர் நிலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்யின் அந்நீரின் நிறை ஏறக்குறைய 600 தொன். அதிற் பெரும்பகுதி ஓடி வடியுமாயின் நன்று. மண்ணுள் இறங்கிப் பாறையின் மேற்றளத்தை அடைந்து அங்கே தேங்குமாயின், அத்தளமே சறுக்குப்பலகையாகும்.

ஊவாவின் மழைக்காலம் மேல்மலைநாட்டின் மழைக்காலமன்று. ஆடி ஆவணியிலே நுவரெலியாவின் மேற்றிசையில் மாரி கொட்டும்போது பதுளைப் பக்கம் வறண்ட கச்சான் வீசும். அவ்வறட்சியிலேதான் ஊவாத் தேயிலையின் மணம் பிறக்கின்றதென்பது வணிகர் அறிந்தது. ஐப்பசியில் இடைப்பருவ மழை தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றோடு தை மாதம் வரை நீளும். உலர்ந்து வெடித்த நிலத்தின்மீது அம்மழை விழுதலால், வெடிப்புக்களின் வழியே நீர் விரைந்து ஆழம் புகுகின்றது.

இவ்வியற்கைக்குள் மனிதர் வந்து குடியேறிய முறையை அடுத்து நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகக் காடு அழிந்தது. 1869ஆம் ஆண்டிலே காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. பெருமரத்தின் வேர் வெட்டியவுடன் உக்குவதில்லை. சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்திருந்தே பின் கைவிடுகின்றது. விதையிலிருந்து முளைத்த பழைய தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. தண்டுத்துண்டத்திலிருந்து வளர்த்த புதிய தேயிலைக்கு அது இல்லை. ஆயினும் தேயிலையே மண்சரிவின் தாய் என்று கூறுதல் நியாயமாகாது. மனிதர் கோடரி எடுப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மலைகள் சரிந்துள்ளன. அப்பழைய சரிவுகளின் படிவுதான் இன்றைய சிக்கலுக்கு வேர்.

செங்குத்தான நாட்டிலே வீடு கட்டத் தட்டையான நிலம் அரிது. அவ்வாறு தட்டையாய், மண்வளமுடையதாய், அருகே ஊற்றும் உடையதாய் ஓரிடம் இருப்பின், அது எவ்வாறு அங்கே வந்தது என்று வினவுதல் வேண்டும். பலவிடத்தும் அது முன்னொருகாற் சரிந்திறங்கிய மண்ணாகவே இருக்கும். ஊற்று இருப்பதன் பொருள், நிலத்தடி நீர் அங்கே வெளிவருகின்றது என்பதே. தோட்டத்தை அமைத்த துரைமார் லயங்களுக்கு இடந் தேடியபோது, தேயிலை நடுதற்கு உதவாததும் நீர் கிட்டுவதுமான இடங்களை ஒதுக்கினர். குறைந்த செலவில் நெடிய லயம் எழும்பத் தக்க இடம் அதுவே. அக்காலத்து எவரும் மண்ணின் வரலாற்றைக் கேட்கவில்லை. கேட்டிருப்பினும் விடைசொல்லும் விஞ்ஞானம் அன்றில்லை. ஆனால் விடை கிடைத்தபின்னும் அக்காம்பராக்கள் அங்கேயே இருந்தன என்பதுதான் நம் நெஞ்சை உறுத்துவது.

2014ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 29ஆம் நாட் காலை, கொசுலாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை இறங்கியது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். அவர்களுட் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. உத்தியோக கணக்கின்படி இறந்தோரும் காணாமற்போனோரும் 37 பேர். அவர்களிற் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் பின்னர் 2011ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் அறிவித்திருந்தனர். அறிவிப்பு இருந்தது, போவதற்கு இடமில்லை. தோட்டத்தொழிலாளிக்குத் தான் வாழும் காம்பரா தனதன்று. அதனை விற்று வேறிடம் வாங்கவும் இயலாது. மலையைவிட்டு நீங்கின் வேலையும் நீங்கும். இந்நிலையில் உள்ளவரை நோக்கி 'எழுந்து போ' என்றல் எளிது.

எச்சரித்த நிறுவனத்தின் பணியைச் சிறிது விரித்துரைப்போம். 1986ஆம் ஆண்டு தை மாதத்திலும் 1989ஆம் ஆண்டிலும் மலைநாட்டில் நேர்ந்த பெருஞ்சரிவுகளின் பின்னர், தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் உதவியோடு மண்சரிவு ஆபத்துப் படங்களை வரையத் தொடங்கியது. முதற்கண் எடுத்துக்கொண்டவை பதுளை, நுவரெலியா என்னும் இரு மாவட்டங்கள். பாறையின் இனமும் அதன் அடுக்குச் சாய்வும், மேன்மண்ணின் தடிப்பு, சரிவின் கோணம், நீரோட்டம், நிலப்பயன், நிலவடிவம் ஆகிய யாவும் தனித்தனியே ஆராய்ந்து புள்ளியிட்டு, 1:10,000 என்னும் அளவிலே படமாக்கினர். ஒரு மலையின் ஒருபுறம் பாறையடுக்கு சரிவோடு ஒத்துச் சாயும். மறுபுறம் சரிவுக்கு எதிராய்ச் சாயும். இருபுறத்தும் ஒரே மழை பெய்தும் ஒருபுறம் வழுக்கி இறங்க, மறுபுறம் கல் உடைந்து விழும். இத்தகைய வேறுபாட்டை ஒரே நோக்கில் அறியத் தருவது படமே.

படம் இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. காலத்தைச் சொல்ல மழைமானி வேண்டும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடக்குமாயின் விழிப்பாயிருக்க. 100ஐக் கடக்குமாயின் ஆயத்தமாயிருக்க. 150ஐக் கடக்குமாயின், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்யுமாயின், வெளியேறுக. இம்மூன்று படிகளையும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்களால் அறிவிப்பர். இவ்வெண்கள் சராசரியான வழிகாட்டிகளே. பத்து நாட் தூறலில் ஊறிய மலைக்கு 100 மில்லிமீற்றரே போதுமானதாகலாம். அன்றியும், பதுளைப் பட்டினத்திற் பெய்யும் மழை வேறு, மடுல்சீமை முகட்டிற் பெய்யும் மழை வேறு. ஒரே தோட்டத்தின் மேற்கணக்கிலும் பணியக் கணக்கிலும் மழை வேறுபடுதலைத் தொழிலாளர் நன்கறிவர்.

கருவியில்லாத இடத்து மலையே சில குறி காட்டும். நிலத்தில் புது வெடிப்பு வளைந்து நீளுதல், மரங்களும் கம்பங்களும் ஒருபுறஞ் சாய்தல், கதவு நிலையிற் சிக்குதல் என்பன அவற்றுட் சில. அவை யாவற்றினும் பீலியைக் கவனித்தல் எளிது. நாடோறும் குளிக்கும் பீலியில் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி வருமாயின் மண்ணுள் ஏதோ அரிபடுகின்றது. பெருமழைக்கிடையே பீலி வற்றுமாயின் அது இன்னும் கொடிது. உள்ளே வழி அடைபட்டு நீர் தேங்குகின்றது என்பதே அதன் பொருள். இனி, சுவரில் வெடிப்புக் கண்டவுடன் மலை நகர்கின்றது என்று முடிவுசெய்தலும் தகாது. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துள் நீர் கசிந்தமையால் பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்தமை வேறு காரணத்தால் நிகழ்ந்தது. ஆகவே குறியைக் கண்டவர் அறிவிக்க. காரணத்தை ஆராய்பவர் ஆராய்க.

நகரும் மலையை நிறுத்த இயலுமா எனின், சிலவிடத்து இயலும். 1992ஆம் ஆண்டு முதல் புகையிரதப் பாதையை இடர்ப்படுத்திய வட்டவளைச் சரிவினுள்ளே நீண்ட துளையிட்டு, குழாய்வழி நிலத்தடி நீரை வடித்தபின் அதன் வேகம் அடங்கியது. செலவு மிகுந்த வேலை அது. எல்லா லயத்துக்கும் மேலே செய்யத்தக்கதன்று. ஆயின் அதே தத்துவத்தின் எளிய வடிவம் தோட்டந்தோறும் உண்டு: கான். மலைக்குக் குறுக்கே கான் வெட்டி நீரைப் பக்கமாய்க் கொண்டுசெல்லும் வழக்கம் கோப்பிக்காலம் தொட்டே வருவது. கான் தூர்ந்தால் நீர் உள்ளே இறங்கும். ஆட்குறைப்பினாற் கான் வேலை முதலிலே கைவிடப்படுகின்றது என்பது தோட்டங்களிலே நாம் கேட்கும் முறைப்பாடு.

சரிவோடு துன்பம் முடிவதில்லை. சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்கி மீட்புவேலை செய்வோரை எலிக்காய்ச்சல் பற்றுகின்றது. 1915ஆம் ஆண்டளவில் யப்பானிய அறிஞர் இனாடாவும் இடோவும் கண்டுபிடித்த திருகுவடிவப் பற்றீரியாவே அதன் காரணம். எலியின் சிறுநீர்வழி மண்ணிற் சேர்ந்து, காலிலுள்ள சிறு கீறலினூடே உட்புகும். 2008ஆம் ஆண்டிலே இந்நோய் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோரைப் பற்றியது. காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் கண்டவர், தாம் சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் தாமே சொல்லுதல் வேண்டும். சொன்னால் மருந்து உரிய காலத்திற் கிடைக்கும். முகாம்களிற் கொதித்தாறிய நீரின்றிப் பரவும் வயிற்று நோய்களை எல்லாரும் அறிவர்.

மீரியபெத்தையிற் பிழைத்தவர்க்குப் பின்னர் பூணாகலைப் பக்கத்தில் 75 வீடுகள் அமைந்தன. மலையகக் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்னும் திட்டம் 2015ஆம் ஆண்டின் பின்னர் மெல்ல நடந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே டித்வாப் புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவால் மடிந்தோர். புதிய வீடு எழும்பும் நிலத்துக்குத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறுதல் இம்மாவட்டங்களிலே விதி. காணி கேட்கும் குடும்பங்கள் அவ்வறிக்கையையும் சேர்த்துக் கேட்டல் நலம். ஆபத்தான சரிவிலிருந்து எழுப்பி இன்னோர் ஆபத்தான சரிவில் இருத்துதலும் நடக்கக்கூடியதே.

மலைநாட்டுப் பாடசாலைகளில் ஆசிரியராயிருக்கும் நம் பழைய மாணவர்க்கு ஒரு வேலை கூறுவோம். நேரான பக்கங்களையுடைய வெற்றுத் தகரப்பேணி ஒன்றை, மரமும் கூரையும் மறையாத வெளியிலே தரைக்குச் சற்று உயரத்தில் அசையாது நாட்டுக. நாடோறும் காலை ஒரே நேரத்தில் அளவுகோலை இட்டு நீரின் ஆழத்தை மில்லிமீற்றரிற் குறித்துப் பேணியைக் கவிழ்த்து மீண்டும் வைக்க. பேணியின் வாய் அகலமாயினும் ஒடுக்கமாயினும் ஆழம் மாறாது. ஏன் மாறாது என்பதை மாணாக்கரே கண்டுபிடிக்கட்டும். பீலி நீரின் நிறத்தையும் அதே ஏட்டில் எழுதுக. ஐப்பசி பிறக்குமுன் தொடங்கித் தை முடியும்வரை எழுதினால் ஒரு மலையின் ஒரு மாரிக்காலம் கைக்குள் வரும். பேணியில் 75 கண்ட நாளில் அதனைக் கரும்பலகையில் எழுதிவைக்க. 150 கண்ட நாளிலே பாடசாலை நடத்தவேண்டியதில்லை.