ஊதிப் பார்த்து வாங்குங்கள்: ட்ரம்பெட் கலைஞருக்கு ஒரு கடை கைடு

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டே பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுகிறவருக்குத் திருப்பூரில் வாரம் இப்படித்தான் முடியும். மாப்பிள்ளை அழைப்பு, மாரியம்மன் நோம்பி, கட்சி ஊர்வலம், சர்ச் கேரல், கம்பெனி ஆண்டு விழா மேடை என்று வேலைக்குப் பஞ்சமில்லை. போட்டிக்கும் பஞ்சமில்லை. பத்து பேர் நம்பர் கையில் இருக்கும்போது பேண்டு மாஸ்டர் யாருக்கு முதலில் போன் அடிப்பார்? சுருதி விலகாதவருக்கு. நாலாவது மணி நேரத்திலும் சத்தம் தளராதவருக்கு. அதில் பாதி உங்கள் உதடும் மூச்சும். மீதி, கையில் இருக்கும் கருவி.

இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும் பொருளைக் கடையில் எப்படி வாங்குகிறார்கள் தெரியுமா? மேலே ஒரு ஹை நோட், பழகிய பாட்டில் நாலு வரி, பெல்லில் முகம் தெரிகிறதா என்று ஒரு பார்வை, ‘சரிங்ணா, பில் போடுங்க.’ ஒரு டி-ஷர்ட்டுக்கே ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பிபி சாம்பிள் என்று அப்ரூவல் வாங்காமல் பல்க் கட்டிங் போடாத ஊர் இது. ட்ரம்பெட் கடையில் நீங்கள்தான் பையர். அந்தக் கறாரை அங்கேயும் காட்டுங்கள்.

முதலில், எந்த வேலைக்கு வாங்குகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தெருவில் ஊர்வலம் போகிற செட்டுக்கு, தூரம் போகும் சத்தமும் அடி தாங்கும் உடம்பும் வேண்டும். மெல்லிசை மேடைக்கு மைக் இருக்கிறது, சத்தம் பிரச்சினையே இல்லை. கீபோர்டோடு சுருதி ஒட்டுவதுதான் பிரச்சினை. டிரினிட்டி கிரேடு தேர்வில் வாசிக்கப் போகிறீர்களா, விமானப்படை அக்னிவீர்வாயு இசைக்கலைஞர் தேர்வுக்குப் போகிறீர்களா, அது தனிக் கணக்கு. விமானப்படைத் தேர்வில் உங்கள் கருவியை நீங்களே ட்யூன் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் சுரத்தைக் கேட்டுப் பிடிக்கவும் வேண்டும். சுருதியில் அடம்பிடிக்கும் கருவியோடு அந்த அறைக்குள் போவது நீங்களே உங்களுக்கு மார்க் குறைத்துக்கொள்வது.

பிராண்டு? இந்தியாவில் பேண்டு வாத்தியத்தின் தலைநகரம் மீரட். அங்கே ஜலி கோட்டிப் பகுதியில் தெருவே பித்தளைதான். நாதிர் அலி கம்பெனி 1885-இலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. விலை குறைவு, ரிப்பேர் சுலபம். ஆனால் பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் இருக்கும். அதனால் மீரட் கருவியை போனில் ஆர்டர் போடாதீர்கள். ஒரே மாடலில் நாலைந்தை வரிசையாக வைத்து ஊதிப் பார்த்து எடுத்தால் நல்லது மாட்டும். யமஹா போன்ற கம்பெனிக் கருவியில் இந்த வித்தியாசம் குறைவு, விலை அதிகம். சென்னை அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற பெரிய கடைகளில் பல மாடல்களை அடுத்தடுத்துப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஒரு எச்சரிக்கை: சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய், காலையில் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போகாதீர்கள். தூங்காத உதட்டுக்கு எல்லாக் கருவியும் மோசம்தான்.

ஸ்பெக் ஷீட்டைப் படியுங்கள், நம்பாதீர்கள். யமஹாவின் ஸ்டூடண்ட் மாடல் ஒய்டிஆர்-2330-க்கு போர், அதாவது குழாயின் உள்விட்டம், 11.65 மில்லிமீட்டர். பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 180-37, உலகம் முழுக்க ப்ரொஃபஷனல்கள் வைத்திருப்பது, அதற்கும் கிட்டத்தட்ட அதே போர்தான். விலையோ பல மடங்கு. ஊதினால் இரண்டும் வேறு வேறு ஆள். காகிதத்தில் தெரியாத அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் கடைக்குப் போகிறோம்.

இனி டெஸ்ட்.

1. சொந்த மவுத்பீஸ், சொந்த ட்ரம்பெட், இரண்டையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் கொடுக்கும் மவுத்பீஸில் ஊதினால் நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு பொருளை டெஸ்ட் பண்ணுகிறீர்கள்; எது நல்லது, எது கெட்டது என்று சொல்ல முடியாது. நம்பரைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். பாக் கணக்கில் நம்பர் குறைந்தால் கப் அகலம்: 7சி-யைவிட 3சி பெரியது. யமஹா கணக்கு நேர் தலைகீழ், அங்கே நம்பர் கூடினால்தான் அகலம். பழைய ட்ரம்பெட் எதற்கு என்றால், அளவுகோல் அதுதான். புதியது பழையதைவிட நன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி. மூன்று புதியதில் எது நல்லது என்பது அடுத்த கேள்வி. மூன்றும் பழையதைத் தாண்டவில்லை என்றால் பணத்தோடு வீட்டுக்கு வாருங்கள்.

2. ஊதுவதற்கு முன் கையால் பாருங்கள். வால்வை நேராக மட்டும் அழுத்தாமல், விரலைக் கொஞ்சம் சாய்த்தும் அழுத்துங்கள். ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்கும்போது விரல் நேராக விழாது. சிக்கும் வால்வு அப்போதுதான் சிக்கும். பிறகு, வால்வை அழுத்தாமல் மூன்றாவது வால்வு ஸ்லைடை இழுத்து, இரண்டு விநாடி பொறுத்து, வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையா? செகண்ட் ஹேண்டாக இருந்தால் அங்கேயே கீழே வையுங்கள். லீட்பைப்பின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளையில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் உலோகம் அரிக்கத் தொடங்கிவிட்டது. லாக்கரா, சில்வரா என்று அரை மணி நேரம் யோசிக்க வேண்டாம். வியர்வை அதிகம் உள்ள கைக்கு லாக்கர் சீக்கிரம் போகும், சில்வரை அடிக்கடி துடைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

3. முதலில் மெதுவாக ஊதுங்கள். கடையில் எல்லோரும் சத்தமாகத்தான் தொடங்குவார்கள், பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று. நீங்கள் நடு ஜி சுரத்தை, எவ்வளவு சின்னச் சத்தத்தில் முடியுமோ அவ்வளவு சின்னதாகத் தொடங்குங்கள். நாக்கு தொட்டதும் சுரம் வருகிறதா, இல்லை முதலில் வெறும் காற்று வந்து பிறகு சுரம் வருகிறதா? தயங்கும் கருவி நாலாவது மணி நேரத்தில் உங்கள் உதட்டைத் தின்றுவிடும். ஹை நோட் டெஸ்டைக் கடைசியில் வையுங்கள். ஆரம்பத்திலேயே உதட்டைச் செலவழித்துவிட்டால் மிச்ச டெஸ்டுக்கு ஆள் இல்லை.

4. ட்யூனரை நீங்கள் பார்க்காதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். முள்ளைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உங்களை அறியாமலே உதடு சுரத்தை வளைத்து முள்ளை நடுவில் நிறுத்திவிடும். எல்லாக் கருவியும் பாஸ். கண்ணை மூடி, காதுக்கு வசதியாக எங்கே சுரம் நிற்கிறதோ அங்கே ஊதுங்கள். ட்யூனர் ஆப்பைக் கூட வந்தவர் பிடித்துக்கொண்டு, சுரத்துக்கு சுரம் குறித்துக்கொள்ளட்டும்.

எந்தச் சுரங்களை? இதற்குக் கொஞ்சம் கணக்கு தெரிய வேண்டும். பி ஃப்ளாட் ட்ரம்பெட்டில் நீங்கள் சி என்று ஊதுவது கீபோர்டில் பி ஃப்ளாட். அதனால் பாடகர் 1 கட்டையில் பாடினால், அதாவது கீபோர்டின் சி, உங்கள் சட்ஜம் டி. இந்த டி-யில்தான் வில்லங்கம். கீழ் டி-க்கு 1-3 வால்வு சேர்த்து அழுத்த வேண்டும். தனித்தனியாகச் சரியாக வெட்டிய இரண்டு குழாயைச் சேர்த்தால் மொத்த நீளம் போதாது, சுரம் ஷார்ப் ஆகும். மேல் டி-யோ ஐந்தாவது ஹார்மோனிக். இயற்கையிலேயே கீபோர்டைவிடச் சுமார் 14 சென்ட் ஃப்ளாட். ஆக 1 கட்டைப் பாட்டில் கீழ் சட்ஜம் மேலே இழுக்கும், மேல் சட்ஜம் கீழே இழுக்கும். 2 கட்டைப் பாட்டில் உங்கள் சட்ஜம் இ; மேல் இ-யும் அதே ஐந்தாவது ஹார்மோனிக் வரிசைதான். மெல்லிசை மேடையில் ட்ரம்பெட் சுருதி சேரவில்லை என்று பாடகர் முகம் சுளிக்கும் இடங்களில் பல இவைதான். நல்ல தயாரிப்பாளர் இந்தக் குறைகளைப் பங்குபோட்டுச் சமாளித்திருப்பார், மோசமானவர் உங்கள் தலையில் கட்டியிருப்பார். ஆகவே டெஸ்ட் சிம்பிள்: கீழ் டி, மேல் டி, மேல் இ ஃப்ளாட், மேல் இ. மூன்று தடவை, மூன்று கருவியிலும். மூன்றாவது வால்வு ஸ்லைடை, வாசிக்கும்போதே அதன் ரிங்கில் விரல் மாட்டித் தள்ள முடிகிறதா என்றும் பாருங்கள். கீழ் டி-யைக் காப்பாற்றுவது அந்த ரிங்தான். ஸ்லைடு இறுகியிருந்தால் அது வெறும் நகை.

5. ஏசியை மறந்துவிடாதீர்கள். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். ட்ரம்பெட் ஷார்ப் ஆகும். குளிர்ந்த ஷோரூமில் 440-க்கு வரவே ட்யூனிங் ஸ்லைடைப் பாதிக்கு மேல் இழுக்க வேண்டியிருந்தால், சித்திரை வெயிலில் அவிநாசித் தேரோட்டத்தில் இழுக்க இடமே இருக்காது. நேர்மாறாக, ஸ்லைடு முழுக்க உள்ளே போயும் ஃப்ளாட்டாகவே இருந்தால் மார்கழி விடியற்காலை கேரலுக்கு அது ஆகாது.

6. காதை வாடகைக்கு எடுங்கள். ட்ரம்பெட்டின் பெல் உங்களைப் பார்த்து இல்லை. கணீரென்ற மேல் ஓசை பெல் நோக்கும் திசையில்தான் போகும்; பின்னால் நிற்கும் உங்களுக்கு வருவது அதன் மிச்சம். நீங்கள் ‘என்னா டோன்!’ என்று உருகுவது கூட்டத்துக்குக் கேட்கவே கேட்காத டோனாக இருக்கலாம். காசு கொடுக்கிறவர் முன்னால் நிற்கிறார். எனவே ஒருவரைக் கூட்டிப் போங்கள். முடிந்தால் உங்களோடு சீட்டுக்குப் போட்டி போடாத ஆள். அவர் பத்து அடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்கட்டும். ஏ, பி, சி, பழையது என்று நாலையும் ஒரே பத்து சுரத்தில் ஊதுங்கள், எது எது என்று சொல்லாமல். அவர் பிடித்ததை எழுதட்டும். பிறகு வரிசையைத் தலைகீழாக்கி இன்னொரு சுற்று. இது ஏன் முக்கியம் என்றால், முதலில் எடுத்த கருவி குளிர்ந்த உதட்டில் அடி வாங்கும், கடைசியில் எடுத்தது சூடேறிய உதட்டில் ஜெயிக்கும். விவரமான கடைக்காரர் விலை உயர்ந்ததைக் கடைசியில் நீட்டுவார்.

கண்ணுக்குத் தெரியாமல் கேட்பது எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. ட்ரம்பெட் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்மித் 1980-களில் இங்கிலாந்தில் தேர்ந்த ட்ராம்போன் கலைஞர்களிடம், தகட்டின் கனத்தில் மட்டும் வேறுபட்ட பெல்களைக் கொடுத்தார். எது எது என்று பார்க்கவோ, எடையை வைத்துக் கண்டுபிடிக்கவோ வழியில்லாமல் செய்திருந்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் ‘ஹெவி பெல்’, ‘லைட் பெல்’ என்று கடையில் அடுக்கும்போது மண்டையை ஆட்டிவிட்டு, முதுகு காட்டி நிற்கும் நண்பரின் பேப்பரைப் பாருங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் மொபைலில் ரெக்கார்டு பண்ணலாம். ஆனால் மொபைல் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துச் சமப்படுத்திவிடும். சுருதிக்கும் டோனுக்கும் அதைக் கேளுங்கள். எது சத்தம் அதிகம் என்று அதில் தீர்மானிக்காதீர்கள்.

7. வெளியே போய் ஊதக் கேளுங்கள். டைல்ஸ் போட்ட சின்ன அறையில் ஓசை சுவரில் பட்டுத் திரும்பி எல்லோரையும் நல்ல கலைஞராக்கும். ஊர்வலத்தில் சுவர் இல்லை. கடை வாசலிலோ மொட்டை மாடியிலோ ஐந்து நிமிடம் போதும். ‘அதெல்லாம் முடியாதுங்க’ என்கிற கடையில் ஊர்வலக் கருவி வாங்காதீர்கள்.

நடத்தை பற்றியும் ஒரு வார்த்தை. பிடித்துவிட்டது என்று முகத்தில் காட்டினால் பேரம் முடிந்தது. வித்தை காட்டவும் வேண்டாம். அங்கே உங்களை யாரும் வேலைக்கு எடுக்கப் போவதில்லை. கடை மவுத்பீஸ் எதையாவது தொட வேண்டியிருந்தால் கழுவிக் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விலையில் இறங்காதவர் கேஸிலும் வால்வு ஆயிலிலும் இறங்குவார். அன்றே முடிவு செய்யாதீர்கள். மறுநாள் மறுபடி ஊதினால் முதல் நாள் மயக்கத்தில் பாதி கரைந்திருக்கும். வாங்குவதானால் சீரியல் நம்பர் எழுதிய பில். பெரிய பிராண்டுகளுக்குப் போலி வருகிறது, நம்பர் இல்லாத பில்லை வைத்து வாரண்டி கேட்க முடியாது.

எப்போது வாங்குவது? ஆடி பிறந்ததும். கல்யாணம் இல்லை, ஆவணி முகூர்த்தத்துக்குள் பழகிக்கொள்ள ஒரு மாதம் கிடைக்கும். புது வால்வு ஆரம்பத்தில் சிக்கும். தினமும் துடைத்து ஆயில் போட்டால் படியும். பழைய ட்ரம்பெட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள், முதல் சீசன் முழுக்க அது வேனில் இருக்கட்டும். பிறகு விற்கும்போது, வாங்க வருகிறவர் சொந்த மவுத்பீஸும் முதுகு காட்டி நிற்க ஒரு ஆளுமாக வந்தால், கேட்ட விலை கிடைக்காது என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.