குறும்பனும் கோட்டையும்

கேள்வி: மாமல்லபுரத்தில் பேன் பார்க்கும் குரங்குச் சிற்பத்தைக் கண்டதும் என் பேரன் என் கொண்டையை அவிழ்த்துப் பேன் தேட ஆரம்பித்துவிட்டான். “அடே குறும்பா!” என்று அதட்டினேன். உடன் வந்தவரோ, “செங்கல்பட்டுச் சீமையை ஒரு காலத்தில் குறும்பர்கள் ஆண்டார்கள். அவர்களை வைத்து வந்த வசவுதான் இது” என்றார். உண்மையா?
- ஒரு வாசகி, திருக்கழுக்குன்றம்

பதில்: பாதிதான் உண்மை, அம்மா.

‘குறு’ என்றால் சிறியது. அதில் பிறந்த ‘குறும்பு’ பழந்தமிழில் சிற்றரணைக் குறித்தது. பாலை நிலத்து ஊருக்கும் அதே பெயர் உண்டு. வழியோரம் அரண் கட்டி உட்கார்ந்த குறுநிலத் தலைவர்கள் பெருவேந்தருக்கு எளிதில் பணிய மாட்டார்கள்; வழிப்போக்கரையும் சும்மா விட மாட்டார்கள். இடத்தின் பெயர் ஆளுக்கும், ஆளின் பெயர் அவன் செயலுக்கும் தாவியது. அரசனை அலைக்கழிக்கும் குறும்பு இல்லாததே நாடு என்பது 735ஆம் குறளின் கருத்து. அங்கே குறும்பு விளையாட்டல்ல, கொலைத்தொழில்.

இனி, உங்களுடன் வந்தவர் சொன்ன கதை. செங்கல்பட்டுச் சீமை அடங்கிய தொண்டைமண்டலத்தில் கோட்டம் எனப்பட்ட நாட்டுப் பிரிவுகள் 24. சோழர் கல்வெட்டுகள் மாமல்லபுரத்தை ஆமூர்க் கோட்டத்தில் வைக்கின்றன. இக்கோட்டங்களைக் குறும்பர் ஆண்டனர், புழல் அவர்களுடைய தலைமைக் கோட்டை, ஆதொண்டன் என்ற சோழன் அவர்களை வென்றான் என்பது செவிவழி வரலாறு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் இது பதிவாகியிருக்கிறது. திருமுல்லைவாயில் கோயிலின் இரண்டு எருக்கந்தூண்களும் குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்கிறது தலவரலாறு.

ஆனால் இது முழுக்க வென்றவர் பக்கத்துக் கதை. அது ஏட்டில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, குறளில் இந்தச் சொல் கெட்ட பொருளில் வந்துவிட்டது. ஆகவே தொண்டைமண்டலத்துக் குறும்பர் தோற்றதால் பிறந்த வசவு அல்ல இது. குறும்பர் என்ற பெயரோடு இன்று வாழும் மக்களின் குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வேந்தரை அலைக்கழித்த சொல் தேய்ந்து தேய்ந்து இன்று பாட்டியின் கொண்டையோடு நிற்கிறது. பேரனைத் தாராளமாகக் குறும்பன் என்று கூப்பிடுங்கள். ஒரு சமூகத்தைச் சுட்டி மட்டும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லாதீர்கள்.