எலும்புக் கணக்கு

2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது நடுவயதில் இருந்த தங்கவயல் மக்கள் இன்று முதியவர்கள். எலும்பு அடர்த்திச் சோதனை செய்துகொண்டு வருபவர்கள், "டி ஸ்கோர் மைனஸில் இருக்கிறதே, பயப்பட வேண்டுமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

டெக்ஸா என்னும் கருவி, எலும்பின் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிராம் தாதுப்பொருள் உள்ளது என்பதை மிகக் குறைந்த எக்ஸ்ரே கதிர்களால் அளக்கிறது. பிறகு அதை ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடுகிறது.

கணக்குக்காக, இளம் பெண்களின் இடுப்பெலும்புச் சராசரி 0.94 என்றும், ஆளுக்கு ஆள் உள்ள ஏற்ற இறக்கத்தைக் காட்டும் திட்ட விலக்கம் 0.12 என்றும் கொள்வோம். ஓர் அம்மாவின் அளவு 0.64. வித்தியாசம் 0.30. அதை 0.12-ஆல் வகுத்தால் 2.5. சராசரிக்குக் கீழே இருப்பதால் டி ஸ்கோர் மைனஸ் 2.5. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த எல்லைப்படி, இது ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்புப்புரை நோய்.

இப்போது சராசரியை மட்டும் 0.88 என மாற்றுங்கள். அதே அம்மா, அதே எலும்பு. விடை மைனஸ் 2. நோய் என்ற பெயர் நீங்கி, அடர்த்திக் குறைவு என்றாகிறது. ஆகவே, யாருடைய சராசரி என்பது முக்கியம். பல கருவிகளில் இருப்பது அமெரிக்க வெள்ளையினப் பெண்களின் சராசரி. சிறிய எலும்பின் அடர்த்தியை இக்கருவி குறைத்தே காட்டும். இந்தியருக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2010-இல் தனி அளவுகளை வெளியிட்டது.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கோலார் மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதே உச்ச வரம்பு. அதைவிட மிக அதிகமாக உள்ள நீரைப் பல்லாண்டு குடித்தால், ஃபுளோரைடு எலும்பில் படிந்து அடர்த்தி கூடும், பலம் கூடாது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயைக் கண்ட மருத்துவர்கள் 1937-இலேயே அதை எழுதி வெளியிட்டார்கள். அத்தகைய எலும்பில் நல்ல டி ஸ்கோரும் ஏமாற்றலாம்.

எலும்பின் வடிவத்துக்கும் பங்குண்டு. பலருடைய தொடையெலும்புப் படங்களின் ஓரத்தில் ஒரே வரிசையில் புள்ளிகளிட்டு, சராசரி வடிவத்தையும் அது மாறும் விதங்களையும் ஆய்வாளர்கள் கணினியில் கணக்கிடுகிறார்கள். அடர்த்தியோடு வடிவத்தையும் சேர்த்து, முறிவு யாருக்கு வரக்கூடும் என்று மதிப்பிடுவதே நோக்கம்.

எனவே மருத்துவரிடம் இரண்டைப் பேசுங்கள்: ஒப்பிட்டது யாருடைய சராசரியோடு என்று கேளுங்கள், இத்தனை ஆண்டுகள் எந்த நீரைக் குடித்தீர்கள் என்று சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.