காய் எடுப்புக்கு நடுவே குரூப் 4 படிப்பு

படிக்கிறவருக்குச் சத்தம் பெரிய இடைஞ்சல் இல்லை. யாராவது கூப்பிடுவதுதான் இடைஞ்சல். போடியில் இருந்துகொண்டு, சீசனில் மலைக்கு ஏலக்காய் எடுக்கவும் போய்க்கொண்டு, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்ததில் நான் கண்டது இதுதான். ஆடி மாதம் மேற்கேயிருந்து இறங்கும் காற்று எங்கள் தகரக் கூரையை இரவெல்லாம் உலுக்கும். விடியுமுன்னே ஆள் ஏற்றும் ஜீப்புகள் தெருவில் ஹாரன் அடிக்கும். இதெல்லாம் கொஞ்ச நாளில் காதுக்குப் பழகிவிடும். ஆனால் அடுப்படியிலிருந்து என் பேரைச் சொல்லி ஒரு குரல் வந்தால், படித்துக்கொண்டிருந்த பத்தியை மறுபடி முதலிலிருந்துதான் பிடிக்க வேண்டியிருக்கும்.

அதனால் அமைதியான இடத்தைத் தேடி அலையாமல், வீட்டில் நேரம் பேசி வைத்துக்கொண்டேன். அம்மா ஏலக்காய் கடையில் தரம் பிரிக்கிற வேலை முடிந்து அலுப்போடு வருவார். "எட்டு மணி வரைக்கும் எதுக்கும் கூப்பிடாதீங்கம்மா, எட்டுக்கு நானே எந்திரிச்சு வந்து எல்லாம் பார்க்குறேன்" என்றேன். "சரித்தா, படி" என்றார். சொன்னபடி எட்டு மணிக்கு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவியதால்தான் அந்த ஏற்பாடு நிலைத்தது. "தொந்தரவு செய்யாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் வீட்டில் யாருக்கும் பிடிபடாது. மணியைச் சொல்லிவிட்டால் அவர்களும் காத்திருப்பார்கள்.

போன் விஷயத்தில் மணி சொல்லியெல்லாம் பயனில்லை. கண்ணில் படாத இடத்துக்கு அது போயாக வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவரின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், போனை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட வேறு அறையில் விட்டுவந்தவர்கள் கவனம் வேண்டிய சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். இத்தனைக்கும் எல்லாப் போன்களும் சத்தம் வராமல் வைக்கப்பட்டவை. பின்னால் வந்த ஆய்வுகளில் சில இதே முடிவைத் தரவில்லை. என் மட்டில் இது முழு உண்மை. வகுப்பு வீடியோ பார்க்கப் போன் வேண்டும் என்பவர்கள் அதற்குத் தனி நேரம் ஒதுக்கி, பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்டு, போனை உள்ளே வைத்துவிட்டுப் படிக்க உட்காருங்கள்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது புத்தகமே இல்லாத நேரம். போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால் குமட்டும். அதனால் முந்தின இரவு படித்ததை மனசுக்குள் கேள்வியாகக் கேட்டு நானே பதில் சொல்லிப் பார்ப்பேன். எட்டுத்தொகை நூல்கள் எவை? அடிப்படைக் கடமைகள் எந்த உறுப்பில் வருகின்றன? வராத பதிலைச் சீட்டில் குறித்துக்கொண்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் எடுப்பேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் இப்படி நினைவுபடுத்திப் பார்ப்பதன் பலனைச் சோதித்துக் காட்டினார்கள். படித்த ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். கவனம் சிதறுகிறது என்று சொல்பவர்களில் பலர் வெறுமனே வாசித்துக்கொண்டே போகிறவர்கள். கண் வரிமேல் ஓடும், மனசு எங்கோ இருக்கும். கேள்வி கேட்டுக்கொண்டால் மனசு நழுவியது உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் பதில் வராது.

காய் எடுக்கும்போது நான் படிப்பை நினைப்பதில்லை. ஏலச்செடியில் காய் தூரை ஒட்டித் தரையோடு படர்ந்த சரத்தில் பிடிக்கும். குனிந்து இலைச்சருகை விலக்கி, விளைந்த காயை மட்டும் கிள்ளி, பிஞ்சை விட்டுவிட வேண்டும். ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, விளைந்த காய் எல்லாம் இருக்கும். கண் அங்கேயே இருந்தால்தான் கை சரியாகப் போகும். வேலை நேரத்தில் வேலை, ஜீப்பில் நினைவுபடுத்தல், ராத்திரி புத்தகம் என்று பிரித்துக்கொண்ட பிறகு, 'ஐயோ படிக்கவில்லையே' என்ற பதைப்பு நின்றது. அந்தப் பதைப்பைப் போலக் கவனத்தைத் தின்பது வேறொன்றும் இல்லை.

உட்கார்ந்து படிக்கும் நேரத்தை 25 நிமிடத்தில் தொடங்கி, பழகப் பழகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஆனால் குரூப் 4 தேர்வு மூன்று மணி நேரம், 200 கேள்விகள். ஒரு கேள்விக்கு 54 நொடிதான் கணக்கு, ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புவதும் அதற்குள்ளே. இடையில் எழுந்திருக்காமல் அவ்வளவு நேரம் உட்காரத் தனியாகப் பழக வேண்டும். தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து, பன்னிரண்டரை வரை ஒரு பழைய வினாத்தாளை முழுதாக எழுதுங்கள். திருத்தும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கடைசி அரை மணியில் போட்ட விடைகளைத் தனியாக எண்ணுங்கள். தெரிந்த கேள்விகள் அங்கே தப்பாகியிருந்தால், அடுத்த ஞாயிறு தமிழ்ப் பகுதியை முதலில் முடித்து, கணக்கை நடுவில் வைத்துப் பாருங்கள்.