நிமிர்ந்த முதுகு

நம் உடலில் நாமே நேரே காண இயலாத பெரும்பகுதி முதுகு ஆகும். முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் காண்கிறோம். கையும் காலும் எப்பொழுதும் கண்முன்னே உள்ளன. முதுகோ நமக்குப் பின்னே இருந்து நம்மைத் தாங்குகிறது. அது நலமாக இருக்கும் வரையில் அதனை நாம் நினைப்பதில்லை. நோவு தோன்றிய பின்னரே நினைக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர். மக்களை இயங்கவொட்டாமல் முடக்கும் காரணங்களுள் இதுவே முதலிடம் பெறுகிறது. ஆதலின், முதுகைப் பற்றிய அறிவு முதியோர்க்கு மட்டும் உரியது அன்று; வளரும் பருவத்தினராகிய மாணவர்க்கும் உரியது.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. சிறு எலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண் அது. அச்சிறு எலும்புகளை முள்ளெலும்புகள் என்பர். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 ஆக 24 முள்ளெலும்புகள் அசையும் இயல்புடையன. அவற்றின் கீழே, குழந்தைப் பருவத்தில் தனித்தனியே இருக்கும் 9 எலும்புகள், வளர்ந்தபின் இணைந்து இரண்டாகிவிடுகின்றன. இத்தூணின் உள்ளே அமைந்த குழாயின் வழியே தண்டுவடம் செல்கிறது. மூளையின் கட்டளை கைகால்களைச் சென்று சேர்வது இவ்வழியே ஆகும்.

தூண் என்று கூறினோம். ஆயினும் இது நேர்க்கோடாக நிற்பதில்லை. பக்கவாட்டில் நோக்கினால் கழுத்தில் முன்னோக்கியும், மார்புப் பகுதியில் பின்னோக்கியும், இடுப்பில் மீண்டும் முன்னோக்கியும் மெல்ல வளைந்திருப்பதைக் காணலாம். பிறந்த குழந்தையின் முதுகு ஒரே வளைவாக இருக்கும். குழந்தை தலையைத் தூக்கிப் பழகும்பொழுது கழுத்தின் வளைவு உருவாகிறது. எழுந்து நின்று நடக்கும்பொழுது இடுப்பின் வளைவு உருவாகிறது. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இவ்வளர்ச்சியைக் கூர்ந்து கண்டவர்கள். கைகளை நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் நிலையைச் செங்கீரைப் பருவம் என்றும், தளர்நடை இட்டு வரும் நிலையை வருகைப் பருவம் என்றும் அவர்கள் பகுத்துப் பாடினர். மனிதன் நிமிர்ந்த வரலாறு ஒவ்வொரு குழந்தையின் முதுகிலும் மீண்டும் ஒருமுறை நிகழ்கிறது எனலாம்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. அவற்றின் நடுவே நீர்ச்சத்து மிகுந்த மென்பொருள் இருக்கிறது. பகல் முழுதும் உடலின் சுமை அழுத்துவதால் வட்டுகள் சிறிது நீரை இழக்கின்றன. இரவில் படுத்து உறங்கும்பொழுது அதனை மீண்டும் பெறுகின்றன. காலையில் அளந்தால் நம் உயரம் மாலையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மிகுதியாக இருப்பது இதனால்தான். வளர்ந்தோரின் வட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் இல்லை. சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து கசிந்து வரும் ஊட்டமே அவற்றைக் காக்கிறது. ஆகவே ஓய்வும் அசைவும் மாறி மாறி வருவதே முதுகுக்கு உகந்த வாழ்வு.

இனி, முதுகு எவ்வாறு களைப்படைகிறது என்பதைக் காண்போம். நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏந்தி நெடுந்தொலைவு நடக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அதே குடத்தை முன்னே நீட்டிய கையில் பிடித்தால் சில நொடிகளுக்கு மேல் தாங்க முடியாது. குடத்தின் எடை கூடவில்லை. உடலுக்கும் குடத்துக்கும் இடையிலுள்ள தொலைவே கூடியது. சுமை விலக விலக அதனைத் தாங்கும் தசைகளின் பாடு பெருகுகிறது. குனியும்பொழுதும் இதுவே நிகழ்கிறது. நம் தலையும் மார்பும் இடுப்பை விட்டு முன்னே விலகித் தாமே சுமையாகிவிடுகின்றன. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் மனிதரின் இடுப்பு வட்டுக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். முன்னே குனிந்து சுமையைத் தூக்கும்பொழுது அவ்வழுத்தம் பெரிதும் உயர்வதை அவர் கண்டறிந்தார்.

இதனால், எப்பொழுதும் விறைத்து நிற்க வேண்டும் என்று கருதிவிடலாகாது. குனிதல் குற்றம் அன்று. குனிவதற்காகவே முதுகெலும்பு பல துண்டுகளாக அமைந்துள்ளது. நெடுநேரம் குனிந்தே இருத்தலும், நெடுநேரம் ஒரே நிலையில் இருத்தலுமே துன்பம் தருவன. அசையாமல் நிமிர்ந்தே இருந்தாலும் தசைகள் சோர்ந்துவிடும். நல்ல நிலை எது எனக் கேட்டால், அடுத்தடுத்து மாறும் நிலையே நல்ல நிலை என்று விடை கூறலாம்.

ஆனால், நிலையை மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லார்க்கும் வாய்த்திருக்கிறதா? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில், நடவுக் காலத்தில் சாலையின் இருமருங்கும் நோக்குங்கள். சேற்று வயலில் பெண்கள் வரிசையாக நின்று நாற்று நடுவதைக் காணலாம். இடக்கையில் நாற்றுமுடி, வலக்கையால் இரண்டு மூன்று நாற்றுகளாகப் பிரித்து ஊன்றிப் பின்னோக்கி நகர்கின்றனர். காலையில் வளைந்த இடுப்பு கரையேறும்பொழுதுதான் முழுமையாக நிமிர்கிறது. மேட்டு நிலங்களில் நிலக்கடலைக்குக் களைக்கொட்டால் களை எடுப்போரும், கரும்பை அடியோடு ஒட்டி வெட்டுவோரும் இவ்வாறே குனிந்து உழைக்கின்றனர். விளைந்தது விற்பனைக் கூடத்திற்கு வந்தால், அங்கே சுமை தூக்குவோரின் முதுகு காத்திருக்கிறது. இப்பகுதிச் சந்தைகளில் நிலக்கடலைப் பருப்பை 80 கிலோ கொண்ட மூட்டைக்கு இவ்வளவு என விலை பேசுவது வழக்கம். வளர்ந்த ஆண் ஒருவர் தனியே சுமக்கத் தக்க உச்ச எடை 55 கிலோ எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வுழைப்பாளிகளிடம், “நிமிர்ந்து நில்லுங்கள்” என்று அறிவுரை கூறுவது பொருளற்றது. அவர்களைக் குனிய வைப்பது கருவியும் வேலை முறையுமே ஆகும். ஆகவே திருத்த வேண்டியவை அவையே. இதற்கு வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்று நல்ல சான்றாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தோட்டங்களில், மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் பலர் மிகக் குட்டையான பிடியுடைய களைக்கொத்தைக் கொண்டு வேலை செய்தனர். நாள் முழுதும் இடுப்பை இரண்டாக மடித்தே அதனைப் பயன்படுத்த முடியும். குட்டைப் பிடி இருந்தால்தான் பயிர் சேதமுறாது என்று தோட்டக்காரர் வாதிட்டனர். அக்கருவி முதுகைக் கெடுக்கிறது என மருத்துவர்கள் சான்று பகர்ந்தனர். சீசர் சாவேஸ் போன்ற தொழிலாளர் தலைவர்களும் அதனை எதிர்த்தனர். வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் 1975ஆம் ஆண்டு அக்கருவி தடை செய்யப்பட்டது. பின்னர் நீண்ட பிடியுடைய களைக்கொத்துகள் வந்தன. தோட்டங்கள் அழிந்துவிடவில்லை; மனிதர் நிமிர்ந்தனர்.

நம் நாட்டிலும் இதற்கு வழி உண்டு. திருந்திய நெல் சாகுபடியில், 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நடப்பெற்ற பயிர்களுக்கு இடையே, நீண்ட பிடியுடைய உருளைக் களைக்கருவியை நின்றபடியே தள்ளிச் செல்லலாம். அதனைக் கோனோவீடர் என வழங்குவர். அதனைத் தள்ளுவதும் உழைப்பே; ஆயினும் இடுப்பு மடிந்து கிடப்பதில்லை. திண்டிவனத்தின் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலையில் நல்ல இரகங்களை உருவாக்கிப் புகழ் பெற்றது. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்னும் இரகத்தின் பெயரில் திண்டிவனத்தின் பெயரே அடங்கியுள்ளது. விதையைத் திருத்துவதில் காட்டிய அக்கறையை அவ்விதையை விளைவிப்போரின் கருவியைத் திருத்துவதிலும் காட்டினால், விளைச்சலோடு உழைப்பவர் நலமும் பெருகும்.

மாணவர்களே! உங்கள் முதுகுக்கும் சுமைகள் உண்டு. அவற்றுள் முதலாவது புத்தகப் பை. பையின் எடை மாணவர் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் அறிவுறுத்தியது. 2020இல் வெளியான நடுவணரசின் பள்ளிப்பைக் கொள்கையும் அவ்வாறே கூறுகிறது. அதாவது, 40 கிலோ எடையுள்ளவர் 4 கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது. கால அட்டவணையைப் பார்த்து அன்றைக்கு வேண்டிய நூல்களை மட்டும் எடுத்து வையுங்கள். கனத்த நூல்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும். ஒரு தோளில் மட்டும் தொங்கவிடாமல், இரு தோள்களிலும் பட்டைகளை மாட்டுங்கள்.

இரண்டாவது, தலை. அதன் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது நேராக இருக்கும்பொழுது கழுத்தெலும்புகள் அதனை எளிதில் தாங்கும். கைப்பேசியையோ நூலையோ மடியில் வைத்துக் குனிந்தே இருந்தால், பிடரித் தசைகள் அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியதாகிறது. தலை 60 பாகை சாய்ந்தால் கழுத்து உணரும் சுமை ஏறத்தாழ 27 கிலோவுக்கு நிகர் என, அமெரிக்க மருத்துவர் கென்னத் ஹன்சராஜ் 2014இல் கணித்துக் காட்டினார். இது நேரில் அளந்தது அன்று, கணக்கே. ஆயினும் கழுத்தும் தோளும் நோவதன் காரணத்தை விளக்கப் போதுமானது. நூலைக் கண்ணை நோக்கி உயர்த்துங்கள். தலையை நூலை நோக்கித் தாழ்த்தாதீர்கள். பலகையில் அமர்ந்தால் பாதங்கள் தரையில் படியட்டும். தரையில் சம்மணமிட்டு எழுதினால், சிறு சாய்வுமேசையை முன்னே வைத்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடந்து வாருங்கள்.

எளிய பயிற்சிகள் சில மேலுடலுக்கு வலிமை தரும். தோள்களை மேலே உயர்த்திப் பின்னே உருட்டி இறக்குதல் ஒன்று. கைகளை இடுப்பின் பின்புறம் வைத்து மெல்லப் பின்னே சாய்தல் மற்றொன்று. குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை ஊன்றி, தலையையும் மார்பையும் மெல்ல உயர்த்துதல் பிறிதொன்று; இது செங்கீரையாடும் குழந்தை நமக்குக் கற்பித்த பயிற்சி. வலி மிகும் பயிற்சியை வற்புறுத்திச் செய்யலாகாது. தரையில் உள்ள பொருளைத் தூக்குங்கால் அதன் அருகே சென்று, முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்து எழுதல் வேண்டும். தூக்கியபடியே இடுப்பை முறுக்குதல் கூடாது.

முதுகு வலித்தால் நாட்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும் என்று முன்னாளில் கருதினர். இந்நாளில் மருத்துவர்கள் அவ்வாறு கூறுவதில்லை. இயன்ற அளவு இயங்குமாறே கூறுகின்றனர். நடை ஒரு நல்ல மருந்து. ஆஸ்திரேலியாவின் மக்குவாரிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வை 2024இல் வெளியிட்டனர். நடைப்பயிற்சி மேற்கொள்ளாதவர்களுக்கு நடுமதிப்பாக 112 நாட்களில் வலி திரும்பியது; படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டிவந்தவர்களுக்கு அது 208 நாட்கள் வரை திரும்பவில்லை. நடப்பதற்குச் செலவு ஏதும் இல்லை என்பது இம்மருந்தின் தனிச் சிறப்பு.

முடிதிருத்தும் கடைகளில் கழுத்தைச் சட்டெனத் திருப்பி நெட்டி முறிப்பதைச் சிலர் சுகமாகக் கருதுகின்றனர். கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அதனால் சேதமுறக் கூடும். ஆதலின் அதனைத் தவிர்த்தல் நலம். வலியோடு காலில் மரமரப்போ வலுக்குறைவோ தோன்றினாலும், சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் ஏற்பட்டாலும், காய்ச்சல் கண்டாலும், விழுந்து அடிபட்ட பின் வலி தொடங்கினாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்கி வருகிறது. நடமாட இயலாதவர்களின் இல்லத்திற்கே சென்று இயன்முறைப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் உண்டு. உங்கள் ஊர் முதியோர்க்கு இதனை எடுத்துச் சொல்வதும் ஒரு தொண்டே.

உழவு நாட்டின் முதுகெலும்பு என்று மேடைதோறும் கூறக் கேட்கிறோம். அது உண்மையுரை. ஆனால், அவ்வுழவைச் செய்வோரின் முதுகெலும்பு எவ்வாறு இருக்கிறது என்று கேட்போர் சிலரே. மாணவர்களாகிய நீங்கள் நாளை பொறியாளராகவும், வேளாண் அறிஞராகவும், மருத்துவராகவும், உழவராகவும் விளங்கப் போகின்றீர்கள். இன்று உங்கள் முதுகைப் பேணுங்கள். நாளை ஒரு கருவியைச் செய்யும்பொழுதும், ஒரு மூட்டையின் எடையை உறுதி செய்யும்பொழுதும், அதனைச் சுமக்கப் போகும் முதுகை முதலில் எண்ணுங்கள். தான் நிமிர்வதோடு அமையாமல், பிறரையும் நிமிரச் செய்பவரே கற்றவர் ஆவர்.